மலேசியாவில் ஷரியா குற்றவியல்: எந்தக் குற்றம் எந்த நீதிமன்றத்துக்குப் போகும்?

கிளந்தான் மாநிலத் தலைநகர் கோத்தா பாருவில் ஒருவர் மோட்டார் சைக்கிள் திருடி மாட்டிக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் முஸ்லிம். அந்த மாநிலத்தை 1990 முதல் ஆள்வது பாஸ் என்னும் இஸ்லாமியக் கட்சி. திருடினால் கையை வெட்டலாம் என்று சொல்லும் சட்டம் அங்கே 1993இலேயே சட்டமன்றத்தில் நிறைவேறிவிட்டது. அப்படியானால் அவர் கை போகுமா?

போகாது. அவரைப் பிடிப்பது போலீஸ். வழக்கு நடப்பது சாதாரண மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில். சட்டம், நாடு முழுவதற்கும் பொதுவான தண்டனைச் சட்டத் தொகுப்பு. கிடைக்கப்போவது சிறை, அபராதம் மாதிரியான தண்டனை. பக்கத்தில் நிற்கும் சீனருக்கும் தமிழருக்கும் என்ன சட்டமோ அதுதான் அவருக்கும்.

அதே ஆள் தனக்கு மனைவி அல்லாத ஒரு பெண்ணோடு விடுதி அறையில் தனியாக இருந்தார் என்றால் கதை வேறு. கதவைத் தட்ட வருபவர்கள் மாநிலச் சமய இலாகா அதிகாரிகள். வழக்கு ஷரியா நீதிமன்றத்தில். நீதிபதி, அரசுத் தரப்பு வழக்கறிஞர், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எல்லாரும் வேறு ஆட்கள், வேறு தகுதி, வேறு நடைமுறை. அந்தப் பெண் முஸ்லிமாக இல்லாவிட்டால் அவர் மேல் வழக்கே கிடையாது. அறை ஒன்றுதான், ஆனால் ஒருவருக்குக் குற்றம், இன்னொருவருக்கு இல்லை.

"மலேசியா இஸ்லாமிய நாடா, மதச்சார்பற்ற நாடா?" என்ற கேள்வியிலிருந்து தொடங்கினால் இந்த வேறுபாடு புரியாது. எந்த விஷயத்தில் சட்டம் போடும் அதிகாரம் கூட்டரசிடம், அதாவது மத்திய அரசிடம் இருக்கிறது, எது மாநிலத்திடம் இருக்கிறது என்று கேட்டால் சட்டென்று புரியும். மலேசியாவில் இஸ்லாமியக் குற்றவியலின் இடத்தைத் தீர்மானித்தது மார்க்க அறிஞர்களின் விவாதத்தைவிட அதிகார எல்லைக்கோடுகள்தான் என்பது என் கருத்து. அந்தக் கோடுகள் எப்படி விழுந்தன என்று பார்ப்போம்.

மார்க்கச் சட்ட நூல்கள் சொல்வது என்ன?

இஸ்லாமியச் சட்ட நூல்கள் குற்றங்களைப் பொதுவாக மூன்றாகப் பிரிக்கின்றன. முதலாவது ஹுதூத். திருட்டு, வழிப்பறி, திருமணத்துக்கு வெளியே உடலுறவு, அப்படி ஒருவர் மேல் பொய்ப்பழி சுமத்துவது, மது அருந்துவது ஆகியவை இதில் அடங்கும். மதம் மாறுவதையும் பல அறிஞர்கள் இதில் சேர்ப்பார்கள். தண்டனை மார்க்க மூலங்களிலேயே நிர்ணயிக்கப்பட்டுவிட்டது, நீதிபதி கூட்டவோ குறைக்கவோ முடியாது என்பது இந்த வகையின் அடையாளம். ஆனால் நிரூபிப்பது மிகக் கடினம். உடலுறவுக் குற்றத்துக்கு நான்கு நேரடி சாட்சிகள் வேண்டும். சந்தேகம் துளி இருந்தாலும் ஹுதூத் தண்டனையைத் தவிர்க்க வேண்டும் என்பது பழைய விதி.

இரண்டாவது கிசாஸ். கொலை, காயம் போன்றவை. இங்கே பாதிக்கப்பட்டவர் குடும்பத்துக்கே முதல் உரிமை: பழிக்குப் பழி கேட்கலாம், இழப்பீடு வாங்கலாம், மன்னிக்கலாம். மூன்றாவது தஃஸீர். மேலே சொன்ன இரண்டிலும் சேராத எல்லாக் குற்றங்களும் இதில் வரும். என்ன தண்டனை என்பதை ஆட்சியாளரும் நீதிபதியும் முடிவு செய்துகொள்ளலாம். மூன்றில் அதிகம் பேசப்படாதது இதுதான், ஆனால் மலேசியாவில் நடைமுறையில் உயிரோடு இருப்பது கிட்டத்தட்ட இது மட்டுமே.

முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் நாடுகள் இந்த நூல் சட்டத்தை ஒரே மாதிரி எடுத்துக்கொள்ளவில்லை. துருக்கி 1926இல் இத்தாலியச் சட்டத்தைத் தழுவித் தன் தண்டனைச் சட்டத்தை எழுதிக்கொண்டது. பாகிஸ்தானில் 1979இல் ஜியா உல் ஹக் ஹுதூத் ஆணைகளை நாடு முழுக்கக் கொண்டுவந்தார். பிறகு 2006இல் அதன் கடுமையான சில பகுதிகள் பொதுச் சட்டத்துக்கே திருப்பி மாற்றப்பட்டன. இந்தோனேசியா அச்சே என்ற ஒரே மாகாணத்துக்கு மட்டும் அனுமதி கொடுத்திருக்கிறது. நைஜீரியாவில் 1999-2000இல் ஜம்ஃபரா தொடங்கி வைக்க, வடக்கே 12 மாநிலங்கள் அந்த வழியில் போயின. மலேசியாவின் வழி இவற்றில் எதையும் ஒத்ததல்ல.

கல்வெட்டு முதல் பங்கோர் ஒப்பந்தம் வரை

மலாய் நிலத்தில் இஸ்லாமியத் தண்டனைச் சட்டம் புதுச் சரக்கு இல்லை. திரெங்கானுவில் கிடைத்த, பொதுவாக 1303ஆம் ஆண்டைச் சேர்ந்தது என்று கொள்ளப்படும் கல்வெட்டு, அரபு எழுத்தில் மலாய் மொழியில், திருமணத்துக்கு வெளியே உறவுகொண்டவருக்கு என்ன தண்டனை என்று பட்டியல் போடுகிறது. மலாக்கா சுல்தான்களின் சட்டத் தொகுப்பில் மார்க்கச் சட்டமும் மலாய் வழக்கமும் பின்னிக் கிடந்தன. மார்க்க நூல் ஒன்று சொல்லும், வழக்கம் இன்னொன்று சொல்லும், அரசர் இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள்வார்.

பிரிட்டிஷார் வந்ததும் இது மாறியது. 1874இல் பேராக்கில் கையெழுத்தான பங்கோர் ஒப்பந்தத்தில் ஒரு வாசகம் உண்டு. சுல்தான் தன் பக்கத்தில் ஒரு பிரிட்டிஷ் ரெசிடெண்டை வைத்துக்கொள்ள வேண்டும், எல்லா விஷயத்திலும் அவர் ஆலோசனையைக் கேட்டு நடக்க வேண்டும், மலாய் மதமும் வழக்கமும் தவிர. வரி, நிலம், காவல், நீதி எல்லாம் வெள்ளைக்காரர் கைக்குப் போனது. சுல்தானுக்கு மிஞ்சியது மதம். சுல்தான்கள் அந்த மிச்சத்தை விடாமல் பிடித்துக்கொண்டார்கள். சுல்தான் இல்லாத நான்கு மாநிலங்கள் போக, மற்ற ஒன்பதிலும் இஸ்லாத்தின் தலைவர் இன்றைக்கும் அந்தந்த ஆட்சியாளர்தான். பிரதமர் அல்ல, கூட்டரசு அமைச்சரும் அல்ல.

குற்றவியல் எங்கிருந்து வந்தது என்று நம் ஊர் வாசகர்களுக்குச் சொன்னால் வியப்பாக இருக்கும். 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம்தான் கப்பலேறிப் போனது. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்கள் 1867 வரை கல்கத்தாவிலிருந்து ஆளப்பட்டவை. 1871இல் அங்கே அந்தச் சட்டம் கிட்டத்தட்ட அப்படியே இயற்றப்பட்டது. பிறகு மலாய் மாநிலங்களுக்கும் பரவியது. மலேசியாவில் கொலைக்கு இன்றும் 302ஆம் பிரிவு, திருட்டுக்கு 378, 379. இந்தியாவே 2024 ஜூலையில் அந்த எண்களைக் கைவிட்டுவிட்டது. கோலாலம்பூர் வழக்கறிஞர் இன்னும் அதே எண்களைச் சொல்லி வாதாடுகிறார்.

ஆக, சுதந்திரத்துக்கு முன்பே கோடு விழுந்துவிட்டது. கொலை, திருட்டு, கொள்ளை, மோசடி ஆகியவை பொதுச் சட்டம். திருமணம், மணவிலக்கு, வாரிசுரிமை, தொழுகை, நோன்பு ஆகியவை சுல்தானின் காதி, அதாவது மார்க்க நீதிபதியின் பொறுப்பு.

அரசியலமைப்பில் ஒரு வரி

1957இல் சுதந்திர மலாயாவுக்கு அரசியலமைப்பை எழுதித் தந்த ரீட் ஆணையத்தில் ஐந்து பேர். அவர்களில் ஒருவர் பாகிஸ்தானைச் சேர்ந்த நீதிபதி அப்துல் ஹமீது. இஸ்லாம் நாட்டின் மதம் என்று எழுத வேண்டும் என்று தனிக்குறிப்பு எழுதியவர் அவர்தான். மற்றவர்கள் அதைப் பரிந்துரைக்கவில்லை. இதில் வேடிக்கை, சுல்தான்களே முதலில் தயங்கினார்கள். நாட்டுக்கே ஒரு மதம் என்று கூட்டரசு சொல்லிவிட்டால், தங்கள் மாநிலத்தில் தங்களுக்கிருக்கும் மதத் தலைமை என்னாவது என்ற கவலை. கடைசியில் 3ஆம் பிரிவு வந்தது: இஸ்லாம் கூட்டரசின் மதம், ஆனால் மற்ற மதங்களை அமைதியாகவும் நல்லிணக்கத்தோடும் பின்பற்றலாம்.

இந்த 3ஆம் பிரிவைக் காட்டித்தான் பலர் வாதம் செய்வார்கள். ஆனால் குற்றவியலைப் பொறுத்தவரை உண்மையில் வேலை செய்வது வேறோர் இடம்: 9ஆம் அட்டவணை. யார் எதில் சட்டம் போடலாம் என்ற பட்டியல்கள் அங்கே இருக்கின்றன. கூட்டரசுப் பட்டியலில் சிவில் சட்டம், குற்றவியல் சட்டம், நீதி நிர்வாகம் மொத்தமும் இருக்கிறது. மாநிலப் பட்டியலின் முதல் இனத்தில் முஸ்லிம்களின் குடும்பச் சட்டம், வக்ஃபு, ஜக்காத், பள்ளிவாசல் என்று போய், நடுவே ஒரு வாசகம் வருகிறது: இஸ்லாத்தைப் பின்பற்றுவோர் அந்த மதத்தின் நெறிகளுக்கு எதிராகச் செய்யும் குற்றங்களை வகுத்துத் தண்டனை விதிக்கலாம், கூட்டரசுப் பட்டியலில் உள்ள விஷயங்கள் நீங்கலாக.

முழுச் சண்டையும் இந்த வாசகத்துக்குள்தான் இருக்கிறது. மூன்று பூட்டுகள் அதில் இருக்கின்றன. ஆள் முஸ்லிமாக இருக்க வேண்டும். செயல் இஸ்லாமிய நெறிக்கு எதிரானதாக இருக்க வேண்டும். அது கூட்டரசு ஏற்கனவே கைவைத்த விஷயமாக இருக்கக் கூடாது. நான்காவது பூட்டு அரசியலமைப்புக்கு வெளியே, நாடாளுமன்றச் சட்டத்தில் இருக்கிறது. ஷரியா நீதிமன்றங்களின் குற்றவியல் அதிகார வரம்புச் சட்டம், 1965. மலேசியாவில் எல்லாரும் "சட்டம் 355" என்றுதான் சொல்வார்கள். ஷரியா நீதிமன்றம் எவ்வளவு தண்டனை கொடுக்கலாம் என்பதற்கு அது வரம்பு போடுகிறது. முதலில் 6 மாதச் சிறை, 1,000 ரிங்கிட் அபராதம். 1984இல் திருத்தப்பட்டு 3 ஆண்டுச் சிறை, 5,000 ரிங்கிட் அபராதம், 6 பிரம்படி என்று உயர்ந்தது. இன்றைக்கும் அதுதான். பேச்சு வழக்கில் 3-5-6.

இப்போது மூன்று வகைக் குற்றங்களையும் இந்தப் பூட்டுகளுக்குள் பொருத்திப் பாருங்கள். திருட்டு, வழிப்பறி ஆகியவை தண்டனைச் சட்டத் தொகுப்பில் இருப்பதால் மாநிலம் தொட முடியாது. கொலையும் காயமும் அப்படியே, எனவே கிசாஸ் மொத்தமும் வெளியே. உடலுறவுக் குற்றத்தை மாநிலம் தண்டிக்கலாம், ஆனால் மார்க்க நூல் சொல்லும் 100 சவுக்கடியோ கல்லெறியோ முடியாது. ஆறு பிரம்படியோடு நிற்க வேண்டும். மது அருந்துவதும் அப்படித்தான். ஹுதூத்தின் பெயர் இருக்கலாம், ஹுதூத்தின் தண்டனை இருக்க முடியாது. மிச்சமாக மாநிலத்தின் கையில் நிற்பவை பெரும்பாலும், மார்க்க நூல்கள் குறிப்பான இவ்வுலகத் தண்டனை எதையும் நிர்ணயிக்காத சிறு ஒழுக்க விஷயங்கள். உலகம் முழுக்க ஷரியா என்றால் எதை நினைத்துப் பயப்படுகிறார்களோ அது மலேசியாவில் நடைமுறையில் இல்லை. எதைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லையோ அது அன்றாடம் நடக்கிறது.

அன்றாடம் நடப்பது

கோலாலம்பூர், புத்ராஜெயா, லபுவான் ஆகிய கூட்டரசுப் பிரதேசங்களுக்கு நாடாளுமன்றமே 1997இல் ஒரு ஷரியா குற்றச் சட்டம் போட்டது. மாநிலச் சட்டங்களும் ஏறக்குறைய இதே அமைப்புதான், அதனால் இதை எடுத்துக்கொள்வோம். ஆண் ஒருவர் தக்க காரணமில்லாமல் தொடர்ந்து மூன்று வாரம் ஜும்ஆ என்னும் வெள்ளிக்கிழமைக் கூட்டுத் தொழுகைக்குப் போகாவிட்டால் 1,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ரமலான் மாதத்தில் பகலில் வெளிப்படையாக உண்பவருக்கும், நோன்பு வைக்க வேண்டிய முஸ்லிமுக்கு உணவு விற்பவருக்கும் தண்டனை உண்டு. கல்வத், அதாவது மணமுடிக்கத் தடையில்லாத ஓர் ஆணும் பெண்ணும் சந்தேகத்துக்கு இடமாகத் தனித்திருத்தல், 3,000 ரிங்கிட் அல்லது 2 ஆண்டு வரை போகும். அனுமதிக் கடிதம் இல்லாமல் மார்க்கம் போதிப்பது, அதிகாரப்பூர்வ நம்பிக்கைக்கு மாறான போதனை பரப்புவது, சமய அதிகாரியை அவமதிப்பது ஆகியவையும் குற்றங்கள்.

"முஸ்லிம்" என்றால் மலாய்க்காரர் மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. பினாங்கிலும் கோலாலம்பூரிலும் தலைமுறைகளாக வாழும் தமிழ் முஸ்லிம்களும் இந்தச் சட்டத்துக்குள்தான் வருகிறார்கள். ரமலான் பகலில் முஸ்லிம்களுக்குச் சாப்பாடு போடும் உணவகத்தை நடத்துபவர் தமிழ் முஸ்லிமாக இருந்தால் அவர் மேலும் வழக்கு. அவர் கடையில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் தமிழ் இந்துவை யாரும் ஒன்றும் கேட்க முடியாது.

பிரம்படி பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் குழப்பம் அதிகம். மலேசியாவில் இரண்டு வகைப் பிரம்படி இருக்கிறது. பொது நீதிமன்றம் விதிப்பது பாலியல் வன்முறை, போதைப்பொருள் போன்ற குற்றங்களுக்கு. தடித்த பிரம்பு, சதை கிழியும், தழும்பு வாழ்நாளுக்கும் போகாது. பெண்களுக்கு அது கிடையாது. ஷரியா பிரம்படியில் பிரம்பு 1.22 மீட்டருக்கு மேல் நீளமோ 1.25 சென்டிமீட்டருக்கு மேல் தடிப்போ இருக்கக் கூடாது. ஆடையோடுதான் அடிக்க வேண்டும், கையைத் தலைக்கு மேல் ஓங்கக் கூடாது. வலிக்கு அல்ல, வெட்கத்துக்கும் திருந்துவதற்குமே என்பார்கள் ஆதரவாளர்கள். ஆனால் இதைப் பெண்களுக்கும் விதிக்கலாம். 2018 செப்டம்பரில் திரெங்கானு ஷரியா உயர் நீதிமன்றத்தில், தங்களுக்குள் உறவு கொள்ள முயன்றதாகத் தண்டிக்கப்பட்ட இரண்டு பெண்களுக்குப் பலர் பார்க்க ஆறு அடிகள் வீதம் கொடுக்கப்பட்டது. அப்போது பிரதமராக இருந்த மகாதீர் அதைக் கண்டித்தார். 2024 டிசம்பரில் அதே மாநிலத்தில் கல்வத் குற்றத்தை மீண்டும் மீண்டும் செய்த ஓர் ஆணுக்குப் பள்ளிவாசல் வளாகத்தில் அடி விழுந்தது. வெட்கம்தான் தண்டனை என்றால் பொதுவில் அடிப்பதுதான் அந்தத் தண்டனையின் கனமே. "மெல்லத்தான் அடித்தோம்" என்ற பதில் எனக்குச் சமாதானமாகப் படவில்லை.

ஹுதூத் கொண்டுவர நடந்த முயற்சிகள்

பாஸ் 1990இல் கிளந்தானைப் பிடித்ததும், மந்திரி புசார் (மாநில முதலமைச்சர்) நிக் அப்துல் அஜீஸ் நிக் மாட் தன் கட்சியின் நெடுநாள் வாக்குறுதியைச் சட்டமாக்கினார். 1993 நவம்பரில் சட்டமன்றம் ஹுதூத்தும் கிசாஸும் அடங்கிய ஷரியா குற்றத் தொகுப்பை நிறைவேற்றியது. கை வெட்டு, கல்லெறி எல்லாம் அதில் உண்டு. சாட்சி வயதுவந்த முஸ்லிம் ஆணாக இருக்க வேண்டும் என்றது. மணமாகாத பெண் கருவுற்றால் அதையே உறவுக்கு ஆதாரமாக எடுத்துக்கொள்ளலாம் என்றும் இருந்தது. அப்படியானால் வன்புணர்வுக்கு ஆளான பெண் என்ன செய்வாள் என்று ஸிஸ்டர்ஸ் இன் இஸ்லாம் போன்ற முஸ்லிம் பெண்கள் அமைப்புகளே கேட்டன. 2002இல் திரெங்கானுவில் ஹாடி அவாங் தலைமையிலான பாஸ் அரசு இதே போன்ற ஒன்றை நிறைவேற்றியது.

இரண்டும் அமலுக்கு வரவில்லை. கூட்டரசு விடவில்லை. விட நினைத்தாலும் போலீஸ், சிறை எல்லாம் கூட்டரசின் கையில். 9ஆம் அட்டவணைப்படி மாநிலத்துக்கு அதிகாரமே இல்லை.

2015இல் கிளந்தான் பழைய சட்டத்தைத் திருத்தி மறுபடி நிறைவேற்றியது. மாநிலத்தில் எதிர்க்கட்சியாக இருந்த அம்னோ என்னும் மலாய்க் கட்சியின் உறுப்பினர்களும் ஆதரித்து வாக்களித்தார்கள். மலாய் வாக்காளர் முன்னால் ஹுதூத்துக்கு எதிராகக் கை தூக்க யாருக்கும் துணிவு வராது என்பது அரசியல் உண்மை. இதை ஏற்காத ஜசெகவும் (ஜனநாயக செயல் கட்சி) பாஸும் முறைத்துக்கொண்டதில், இரண்டும் சேர்ந்திருந்த எதிர்க்கட்சி அணியான மக்கள் கூட்டணி உடைந்தே போனது. அப்புறம் 2016 மே மாதத்தில் ஹாடி அவாங் மக்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். கை வெட்டு என்ற பேச்சையே எடுக்காமல், சட்டம் 355இன் வரம்பை மட்டும் 30 ஆண்டு, 100,000 ரிங்கிட், 100 அடி என்று உயர்த்தச் சொல்லும் வடிவத்துக்கு அது பிறகு வந்தது. 100 அடி என்ற எண் எங்கிருந்து வந்தது என்று குர்ஆன் தெரிந்தவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2017 ஏப்ரலில் தீர்மானத்தை முன்மொழிந்து ஹாடி பேசினார். விவாதத்தைச் சபாநாயகர் ஒத்திவைத்தார். வாக்கெடுப்பு நடக்கவில்லை.

எல்லை யாருடையது என்று யார் சொல்வது?

1988இல் நடந்த இரண்டு விஷயங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்க்க வேண்டும். முதலாவது சே ஓமார் வழக்கு. கட்டாய மரண தண்டனை இஸ்லாத்துக்கு முரண், எனவே 3ஆம் பிரிவின்படி செல்லாது என்று வாதிட்டார்கள். உச்ச நீதிமன்றத் தலைவர் சாலே அபாஸ் ஏற்கவில்லை. 3ஆம் பிரிவில் வரும் இஸ்லாம் சடங்கு, அரசு விழா சார்ந்தது. நாட்டின் சட்டங்களை அளக்கும் கோல் அல்ல என்றார். (கட்டாய மரண தண்டனை 2023இல் நீங்கியது, ஆனால் நாடாளுமன்றச் சட்டத்தால்.)

அதே ஆண்டு அரசியலமைப்பில் 121 (1ஏ) நுழைந்தது: ஷரியா நீதிமன்றத்தின் வரம்புக்குள் இருக்கும் விஷயத்தில் பொது நீதிமன்றங்களுக்கு அதிகாரம் இல்லை. காதி கொடுத்த மணவிலக்குத் தீர்ப்பைப் பொது நீதிமன்றம் புரட்டுவதைத் தடுக்கத்தான் என்று காரணம் சொல்லப்பட்டது. ஆனால் பிறகு பல நீதிபதிகள் "இஸ்லாம்" என்ற சொல் காதில் விழுந்தாலே எங்களுக்கு அதிகாரம் இல்லை என்று கைகழுவத் தொடங்கினார்கள். 2007இல் லினா ஜாய் வழக்கில், ஒருவர் இஸ்லாத்தை விட்டு வெளியேறியதை அடையாள அட்டையில் பதிய ஷரியா நீதிமன்றச் சான்று வேண்டும் என்று நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் 2-1 என்று தீர்த்தது. குற்றவியலுக்கும் இது முக்கியம்: யார் முஸ்லிம் என்பதை முடிவு செய்பவர்தான் அந்தச் சட்டம் யார் மேல் பாயும் என்பதையும் முடிவு செய்கிறார்.

இதன் வலியை நேரடியாக உணர்ந்தவர்களில் ஈப்போவைச் சேர்ந்த தமிழ்த் தாய் இந்திரா காந்தி ஒருவர். 2009இல் முஸ்லிமாக மாறிய கணவர், மூன்று பிள்ளைகளையும் அவருக்குத் தெரியாமல் மதம் மாற்றிவிட்டார். ஷரியா நீதிமன்றத்தில் வழக்காட அவருக்கு வழியில்லை, ஏனென்றால் அவர் முஸ்லிம் அல்ல. பொது நீதிமன்றங்கள் ஆளுக்கொரு தீர்ப்புச் சொல்லின. 2018 ஜனவரியில் கூட்டரசு நீதிமன்றம், ஒரு பெற்றோர் மட்டும் செய்த மதமாற்றம் செல்லாது என்றது. கூடவே, ஓர் அரசு அமைப்பு சட்டப்படி நடந்ததா என்று சரிபார்க்கும் பொது நீதிமன்றங்களின் அதிகாரத்தை 121 (1ஏ) பறித்துவிடவில்லை என்றும் சொன்னது. இது குற்ற வழக்கு அல்ல. ஆனால் ஷரியா எல்லையைப் பற்றி உயர் நீதிபதிகள் பேசும் தொனி இதற்குப் பிறகு தெளிவாகவே மாறியது.

2021இல் அடுத்த அடி. இயற்கைக்கு மாறான உறவைத் தண்டிக்கும் சிலாங்கூர் மாநிலச் சட்டப்பிரிவு செல்லாது என்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்த்தார்கள். அந்தச் செயல் சரி என்று அவர்கள் சொல்லவில்லை. தண்டனைச் சட்டத் தொகுப்பில் 377ஆம் பிரிவுகள் ஏற்கனவே இருக்கும்போது மாநிலம் அதே குற்றத்தை வகுக்க முடியாது என்றார்கள். அவ்வளவுதான். தீர்ப்பை மனித உரிமை வெற்றி என்று கொண்டாடியவர்கள் இந்த நுணுக்கத்தைக் கொஞ்சம் தவறவிட்டார்கள். கூட்டரசின் தண்டனை அப்படியே இருக்கிறது.

பிறகு வந்ததுதான் நிக் எலின் வழக்கு. கிளந்தான் ஒரு புதிய ஷரியா குற்றத் தொகுப்பை 2019இல் நிறைவேற்றி 2021 நவம்பரில் அமலாக்கியது. இதில் ஹுதூத் இல்லை, 3-5-6 வரம்புக்கு உட்பட்டது. கிளந்தானைச் சேர்ந்த முஸ்லிம் வழக்கறிஞர் நிக் எலினும் அவர் மகளும் 18 பிரிவுகளை எதிர்த்து நேராகக் கூட்டரசு நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2024 பிப்ரவரி 9 அன்று, தலைமை நீதிபதி தெங்கு மைமுன் துவான் மாட் தலைமையிலான அமர்வு 8-1 என்ற கணக்கில் 16 பிரிவுகளை ரத்து செய்தது. சூதாட்டம், பாலியல் தொல்லை, பொய்ச்சாட்சி, எடையில் ஏமாற்றுவது, முறைகேடான உறவு, வழிபாட்டுத் தலத்தை அசுத்தப்படுத்துவது எல்லாம் அதில் போயின. காரணம் பழையதுதான்: இவை கூட்டரசின் குற்றவியல் விஷயங்கள். இஸ்லாமோ ஷரியா நீதிமன்றமோ இங்கே கேள்விக்குள்ளாகவில்லை, மாநிலச் சட்டமன்றத்தின் அதிகாரம்தான் கேள்வி என்று தலைமை நீதிபதி தெளிவுபடுத்தினார். புத்ராஜெயா நீதிமன்றத்துக்கு வெளியே கூடியிருந்தவர்களுக்கு அது ஆறுதலாக இல்லை. அன்று வெள்ளிக்கிழமை, பாஸ் தலைவர்கள் அதைக் கறுப்பு வெள்ளி என்றார்கள்.

அவர்கள் ஆதங்கத்தில் ஒரு நியாயம் இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். தண்டனைச் சட்டத் தொகுப்பில் இருக்கும் எதையும் மாநிலம் தொடக்கூடாது என்றால், நாளைக்கு நாடாளுமன்றம் இன்னும் பத்துக் குற்றங்களை அதில் சேர்த்தால் மாநிலத்தின் கையில் என்ன மிஞ்சும்? இஸ்லாமிய நெறி என்பது நோன்பும் தொழுகையும் மட்டும்தானா, எடையில் ஏமாற்றாதே என்பது குர்ஆனிலேயே இருக்கிறதே என்று அவர்கள் கேட்கிறார்கள். எதிர்த்தரப்பின் பதிலும் வலுவானதுதான்: எடையில் ஏமாற்றிய இருவரில் ஒருவருக்கு ஒரு நீதிமன்றமும் மற்றவருக்கு இன்னொரு நீதிமன்றமும் என்றால், ஒரே குடியுரிமைக்கு என்ன பொருள்?

இனி மாற்ற நினைப்பவர்களுக்கு இரண்டு கதவுகள் இருக்கின்றன, இரண்டும் கோலாலம்பூரில்தான், கோத்தா பாருவில் அல்ல. தண்டனை வரம்பை உயர்த்த வேண்டுமானால் சட்டம் 355ஐத் திருத்தினால் போதும். அதற்குச் சாதாரணப் பெரும்பான்மையே போதுமானது. குற்றப் பட்டியலை விரிக்க வேண்டுமானால் 9ஆம் அட்டவணையைத் திருத்த வேண்டும். அதற்கு மக்களவையின் 222 உறுப்பினர்களில் 148 பேர் வேண்டும், மேலவையிலும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். 2022 தேர்தலில் தனிக்கட்சியாக அதிக இடங்களைப் பெற்றது பாஸ்தான் என்றாலும், சபா, சரவாக் உறுப்பினர்கள் இல்லாமல் 148ஐ எட்டுவது கடினம். கிறிஸ்தவர்கள் பெரும் எண்ணிக்கையில் வாழும் அந்த இரண்டு மாநிலங்களுக்கும் இந்தத் திருத்தத்தில் ஆர்வமில்லை.